கொயோட்டி ஊளையிடும் இடத்தில் ஆடு மாடு வளர்ப்பது எப்படி

காலையில் மேய்ச்சல் நிலத்துக்குப் போகிறீர்கள், ஒரு செம்மறிக் குட்டி செத்துக் கிடக்கிறது, வயிறு கிழிந்திருக்கிறது, முந்தின ராத்திரிதான் மேட்டில் கொயோட்டி (ஓநாயைவிடச் சிறிய அமெரிக்கக் காட்டு நாய்) ஊளையிட்டதைக் கேட்டீர்கள். கை நேராகத் துப்பாக்கிக்குத்தான் போகும். அதை வைத்துவிட்டு ஒரு நல்ல கத்தியும் கையுறையும் எடுத்து வாருங்கள். இந்தக் குட்டி எப்படிச் செத்தது என்று தெரியாமல் அடுத்து எது செய்தாலும் பாதி வீண்தான்.

கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். கொயோட்டி ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் தொண்டையைப் பிடித்துத்தான், தாடைக்குச் சற்றுப் பின்னால், காதுக்குக் கீழே. வெளியே ரோமத்தில் ஒன்றும் தெரியாது, உரித்தால்தான் பல் பதிந்த துளைகளும் அதைச் சுற்றி ரத்தம் கட்டியதும் தெரியும். இந்த ரத்தக்கட்டுதான் முக்கியமான சாட்சி. அது இருந்தால் உயிரோடு இருக்கும்போது கடி விழுந்திருக்கிறது. கடித்த இடமெல்லாம் ரத்தம் கட்டாமல் வெளுப்பாக இருந்தால், நோயிலோ குளிரிலோ செத்த குட்டியைப் பிறகு வந்து தின்றிருக்கிறது, அவ்வளவுதான். பின்னங்கால், வால், விலா, முகம் என்று கண்ட இடத்தில் குதறியிருந்து, ஒரே ராத்திரியில் நாலைந்து ஆடு அடிபட்டு, எதையும் சரியாகத் தின்னாமல் போயிருந்தால் முதல் சந்தேகம் நாய் மேல்தான் வர வேண்டும். அது பக்கத்துப் பண்ணை நாயாகவும் இருக்கலாம், ராத்திரி அவிழ்த்துவிட்ட உங்கள் நாயாகவும் இருக்கலாம்.

பிறந்த அன்றே செத்த குட்டி என்றால் இன்னும் மூன்று இடம் பார்க்க வேண்டும். நுரையீரலில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் குட்டி மூச்சு விட்டிருக்கிறது, மூழ்கினால் செத்தே பிறந்தது. குளம்பு நுனியில் இருக்கும் மெத்தென்ற சவ்வு தேயாமல் அப்படியே இருந்தால் அது எழுந்து நடக்கவே இல்லை. வயிற்றில் பால் இருக்கிறதா என்பது மூன்றாவது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, தேதியும் இடமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் எழுதினால் எந்த மேய்ச்சல் பகுதியில், எந்த மாதத்தில் அடி விழுகிறது என்பது தானாகவே தெரியவரும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டால், ஆமாம். அமெரிக்க வேளாண் துறை 2014-ஆம் ஆண்டின் செம்மறிச் சாவுகளைக் கணக்கெடுத்தபோது, குட்டிச் சாவுகளில் வேட்டையாடும் விலங்குகளால் நேர்ந்தது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதில் பாதிக்கு மேல் கொயோட்டிதான், அதை மறுக்க முடியாது. ஆனால் மொத்தச் சாவில் மற்ற மூன்றில் இரண்டு பங்கு நோய், ஈற்றுச் சிக்கல், குளிர், பட்டினி போன்றவை. கொயோட்டி மேல் பழியைப் போட்டுவிட்டு நோயைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த வருடமும் அதே சாவுதான்.

சரி, கொயோட்டிதான் கொன்றது என்று உறுதியாகிவிட்டது. இப்போது எந்தக் கொயோட்டி?

இது விசித்திரமான கேள்வியாகத் தோன்றலாம், ஆனால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. கொயோட்டி ஜோடியாக வாழும் விலங்கு. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஒரு பரப்பைப் பிடித்துக்கொண்டு, மூத்திரத்தாலும் ஊளையாலும் எல்லை போட்டு, வேறு கொயோட்டி உள்ளே வந்தால் விரட்டும். இடம் கிடைக்காத இளசுகள் எல்லைகளின் ஓரமாக அலைந்துகொண்டிருக்கும். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் இணை சேரும், சுமார் 63 நாள் கர்ப்பம், ஏப்ரல், மே மாதங்களில் வளையில் குட்டிகள், சராசரியாக ஆறு. அந்த ஆறு வாய்க்கும் இரை தேட வேண்டிய நேரமும், பெரும்பாலான பண்ணைகளில் செம்மறி ஈன்று குட்டிகள் துள்ளித் திரியும் நேரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. வருடம் முழுக்க எலியும் முயலும் வெட்டுக்கிளியும் விழுந்த பழமும் தின்று சும்மா இருந்த ஜோடி அப்போதுதான் கொழுத்த குட்டி பக்கம் திரும்புகிறது. யூட்டா மாநிலத்தில் சில ஜோடிகளுக்கு அறுவை செய்து குட்டி போட முடியாமல் ஆக்கிவிட்டுப் பார்த்தார்கள், எல்லை அப்படியே இருந்தது, ஆட்டுக்குட்டி கொல்வது மட்டும் வெகுவாகக் குறைந்தது. குட்டிகளுக்கு ஊட்ட வேண்டிய நெருக்கடிதான் காரணம் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

கலிபோர்னியாவின் மெண்டோசினோ கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது) ஹாப்லேண்ட் என்ற இடத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஒரு செம்மறி ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அங்கே கொயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பல வருடம் பின்தொடர்ந்ததில் தெரிந்தது இது: ஆடு கொல்வது பெரும்பாலும் அந்த இடத்தைப் பிடித்திருக்கும் இனவிருத்தி ஜோடி. அதே ஜோடிதான் பொறியில் லேசில் மாட்டாது. மாட்டுவதெல்லாம் ஒன்றும் அறியாத இளசுகள். அதாவது கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுக்கொண்டே இருந்தாலும் குற்றவாளி பத்திரமாக இருக்கிறது. அந்த ஜோடியையே எடுத்துவிட்டால் சாவு குறைகிறது, உண்மை, ஆனால் காலியான இடத்துக்கு வேறொரு ஜோடி வந்து குடியேறும் வரைக்கும்தான்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்கள் நிலத்தில் ஒரு ஜோடி இருந்து, இரண்டு வருடமாக ஒரு குட்டியையும் தொடவில்லை என்றால், அதைவிட மலிவான காவல் உங்களுக்குக் கிடைக்காது. அது எலியைத் தின்கிறது, அலைகிற கொயோட்டிகளை உள்ளே விடாமல் வைத்திருக்கிறது. அதைச் சுட்டுவிட்டு அந்த இடத்துக்கு யார் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்? ஆடு தின்று பழகியதுகூட வரலாம்.

மொத்தமாக ஒழித்துவிடலாம் என்ற யோசனை அமெரிக்காவில் நூறு வருடமாக முயன்று பார்த்தாகிவிட்டது. 1931-ல் இதற்கென்றே மத்தியச் சட்டம் வந்தது, பொறி, விஷம், ஹெலிகாப்டர் எல்லாம் வந்தன, மத்திய நிலங்களில் விஷ வைப்பை 1972-ல் அதிபர் நிக்சன் நிறுத்தினார், 2010-களின் கடைசியிலும் மத்திய அரசின் ஆட்கள் மட்டும் வருடத்துக்கு 60,000-க்கு மேல் கொன்றுகொண்டிருந்தார்கள். கொயோட்டியோ மேற்குப் புல்வெளியை விட்டுக் கிளம்பி ஹவாய் தவிர்த்த எல்லா மாநிலத்துக்கும் பரவிவிட்டது. 1975-லேயே கலிபோர்னியாவில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒவ்வொரு வருடமும் எழுபது சதவீதத்தைக் கொன்றாலும் இந்த இனம் தாக்குப்பிடிக்கும். உங்கள் ஒரு பண்ணையால் அது ஆகப்போவதில்லை. எனவே கொயோட்டி இருக்கத்தான் போகிறது, அதற்கு உங்கள் ஆடு சுலபமாகக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

முதலில் செய்ய வேண்டியது, காசு செலவே இல்லாதது: சாப்பாடு போடாதீர்கள்

யாரும் வேண்டுமென்று போடுவதில்லை. ஆனால் பண்ணைக்குப் பின்னால் செத்த ஆடு மாட்டை இழுத்துப் போடுகிற ஒரு பள்ளம் பாதிப் பேரிடம் இருக்கிறது, அதுதான் கொயோட்டிக்கு நீங்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. செம்மறியின் சுவை அதற்கு அங்கேதான் முதலில் பழகுகிறது. செத்ததை அன்றே அகற்றுங்கள். ஆழமாகப் புதைக்கலாம், அல்லது மரத்தூள் மேட்டுக்குள் வைத்து மக்கச் செய்யலாம், உடல்களை எடுத்துப் போகும் வண்டி வருகிற பகுதியாக இருந்தால் அதைக் கூப்பிடலாம். எது அனுமதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கவுண்டி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஈனும் காலத்தில் நஞ்சுக்கொடியைப் பொறுக்கி எடுப்பது அருவருப்பான வேலைதான், செய்யத்தான் வேண்டும்.

அடுத்து, ஈனும் இடமும் நேரமும். திறந்த மலையில் ஆறு வாரம் இழுத்து இழுத்து ஈனுவதைவிட, கிடாயைச் சேர்க்கும் நாட்களைச் சுருக்கி மூன்று நான்கு வாரத்துக்குள் பெரும்பாலானவை ஈனும்படி செய்தால் ஆபத்தான நாட்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். கொட்டகையில் ஈன வைத்து, குட்டி உறுதியாக ஓடத் தொடங்கிய பிறகு வெளியே விடுவது இன்னும் நல்லது. சிலர் ஈனும் காலத்தையே இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். தீவனச் செலவு கூடும், சந்தை விலை வேறு மாதிரி இருக்கும், எல்லோருக்கும் ஒத்துவராது. ராத்திரி பட்டியில் அடைப்பது மட்டும் எல்லோருக்கும் ஒத்துவரும். கொயோட்டி அதிகம் அடிப்பது சாயங்காலத்திலிருந்து விடிந்து சற்று நேரம் வரைதான், அந்த நேரத்தில் மந்தை வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல வேலிக்குள் இருந்தால் பாதிப் பிரச்சினை போய்விட்டது.

வேலி

கொயோட்டி வேலியைத் தாண்டிக் குதிப்பதைவிட அடியில் நுழைவதைத்தான் விரும்பும். ஐந்தடி வேலி போட்டுவிட்டு ஓடை குறுக்கே போகும் இடத்தில் ஒரு அடி இடைவெளியை விட்டு வைத்தால், அந்த வேலிக்குச் செலவழித்தது எல்லாம் ஆட்டைத் தப்பவிடாமல் உள்ளே பூட்டி வைக்க மட்டும்தான் உதவும். வலைக்கம்பி வேலி என்றால் சுமார் ஐந்தரை அடி உயரம், கண்கள் ஆறங்குலத்துக்கு நாலங்குலத்தைவிடச் சிறியதாக, தரையோடு ஒட்டி ஒரு முள்கம்பி, அல்லது வெளிப்பக்கமாக வலையை மடக்கித் தரையில் புதைத்த பாவாடை. பனி உருகியதும் ஒருமுறை, பெருமழைக்குப் பிறகு ஒருமுறை முழுச் சுற்றும் நடந்து பாருங்கள். வண்டியில் உட்கார்ந்தபடி பார்த்தால் சந்து தெரியாது.

பெரிய பரப்புக்கு மின்வேலிதான் கட்டுப்படியாகும். வறண்ட மேற்கில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மண் காய்ந்திருந்தால் மின்சாரம் விலங்கின் கால் வழியாகத் தரைக்குப் போகாது, ஷாக் அடிக்காது. அதனால் ஒரு கம்பி மின்கம்பி, அடுத்தது எர்த் கம்பி என்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும், நடுவே மூக்கை நுழைத்தால் இரண்டையும் தொடும்படி. புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டால் அழுத்தம் விழுந்துவிடும். மீட்டர் வைத்து வாரம் ஒருமுறை அளந்து 4,000 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, வேலி போட்ட முதல் நாளிலிருந்தே மின்சாரம் ஓட வேண்டும். செத்த கம்பிக்கு அடியில் ஒருமுறை நுழைந்து பழகிய கொயோட்டியைப் பிறகு பயமுறுத்துவது கஷ்டம்.

காவல் நாய்

எல்லாவற்றிலும் அதிகம் பலன் தருவதும், அதிகம் பேர் சொதப்புவதும் இதில்தான். காவல் நாய் என்றால் மந்தையை ஓட்டுகிற பார்டர் கோலி வகை அல்ல. கிரேட் பிரனீஸ், அக்பாஷ், அனடோலியன் ஷெப்பர்டு, மரேம்மா போன்ற பெரிய, நிதானமான நாய்கள், ஐரோப்பாவிலும் துருக்கியிலும் நூற்றாண்டுகளாக ஆட்டோடு ஆடாக வாழ்ந்தவை. விஷம் தடைபட்ட 1970-களில்தான் அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் இவற்றின் பக்கம் திரும்பினார்கள். ஐடஹோவில் டுபாய்ஸ் என்ற ஊரில் இருக்கும் அரசு செம்மறி ஆராய்ச்சி நிலையத்திலும் வேறு சில இடங்களிலும் அப்போதுதான் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

குட்டியை ஏழெட்டு வாரத்தில் வாங்குங்கள், வேலை செய்யும் பெற்றோருக்குப் பிறந்ததாக. வந்த நாளே ஆட்டுக்குட்டிகளோடு ஒரு சின்னப் பட்டியில் விடுங்கள். அது தூங்குவதும் தின்பதும் ஆட்டு வாசனையில்தான் நடக்க வேண்டும். தினமும் போய்ப் பாருங்கள், கையால் தொட்டுப் பழக்குங்கள், கயிற்றில் வரவும் வண்டியில் ஏறவும் பழக்குங்கள், இல்லாவிட்டால் பிறகு தடுப்பூசி போடக்கூடப் பிடிக்க முடியாது. ஆனால் வீட்டு வாசலுக்குக் கூட்டி வராதீர்கள், பிள்ளைகளோடு பந்து விளையாட விடாதீர்கள். வாசலில் படுக்கக் கற்றுக்கொண்ட நாய் வாசலைத்தான் காக்கும்.

ஏழெட்டு மாதத்தில் ஒரு கெட்ட கட்டம் வரும். ஆட்டைத் துரத்தும், காதைக் கடித்து இழுக்கும், ரோமத்தைப் பிய்க்கும். இந்த நாய் உதவாது என்று அப்போது விற்றுவிடுகிறவர்கள் நிறைய. அது விளையாட்டு, அந்த இடத்திலேயே அதட்டி நிறுத்த வேண்டும், கொஞ்ச நாள் குட்டிகளிடமிருந்து பிரித்து மிரட்டிப் பழகிய பெரிய ஆடுகளோடு விடலாம், அவை முட்டியே பாடம் சொல்லிக்கொடுக்கும். முழுதாக நம்பக்கூடிய நாய் என்பது ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான். ஆக, இந்த வருடம் சாவு என்று இந்த வருடமே குட்டி நாய் வாங்கினால் அடுத்த வருடமும் அதற்குப் பலன் இருக்காது. அவசரம் என்றால் வளர்ந்த நாயை வாங்குங்கள், விலை கூடத்தான் இருக்கும்.

பரந்த நிலத்தில் ஒற்றை நாய் போதாது. ஒன்று மேட்டில் குரைத்துத் துரத்திக்கொண்டிருக்கும்போது இன்னொன்று மந்தையோடு நிற்க வேண்டும். பொது நிலத்தில் மேய்ப்பவர்கள் நடைபாதைகளில் பலகை வையுங்கள், மலையேற வருகிறவர்களும் சைக்கிளில் வருகிறவர்களும் வெள்ளை நாயைத் தெருநாய் என்று நினைத்துத் தூக்கிப் போவதும் உண்டு, பயந்து புகார் கொடுப்பதும் உண்டு. அப்புறம், ராத்திரி முழுக்கக் குரைக்கும். அதுதான் அதன் வேலை. பக்கத்தில் வீடுகள் நெருக்கமாக இருந்தால் முன்பே போய்ப் பேசிவிடுங்கள்.

நாய் வேண்டாம் என்பவர்களுக்கு லாமாவும் (தென் அமெரிக்காவின் ஒட்டக இன விலங்கு) கழுதையும் உண்டு. லாமாவில் காயடித்த ஆண் ஒன்றே ஒன்று, இரண்டு வைத்தால் அவை தங்களுக்குள் சேர்ந்துகொண்டு ஆட்டை மறந்துவிடும். கழுதையில் பெட்டை அல்லது காயடித்த ஆண். காயடிக்காத கிடாக் கழுதை குட்டிகளையே மிதித்துக் கொன்றுவிடலாம். இரண்டுமே சின்ன, மரம் குறைந்த மேய்ச்சலுக்குத்தான் சரி, ஆயிரம் ஏக்கர் புதர்க்காட்டில் ஒரு கழுதையால் என்ன செய்ய முடியும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மோனென்சின் என்ற மருந்து கலந்த மாட்டுத் தீவனம் கழுதைக்கும் குதிரைக்கும் விஷம், கொஞ்சம் தின்றாலும் இதயம் நின்று செத்துப்போகும். லாமாவுக்கும் ஆகாது. தீவன மூட்டையின் சீட்டைப் படிக்காமல் கழுதை வாங்காதீர்கள். நாயும் கழுதையும் ஒரே மந்தையில் இருந்தால் முதலில் பழக்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், கழுதைக்கு நாயும் கொயோட்டியும் ஒன்றுதான்.

விளக்கும் கொடியும் சத்தமும்

ஒழுங்கில்லாமல் மின்னுகிற சூரிய விளக்குகள், ரேடியோ, கயிற்றில் தொங்கவிட்ட சிவப்புத் துணிக்கொடிகள் எல்லாம் வேலை செய்யும், கொஞ்ச நாளுக்கு. கொயோட்டி புதியதைக் கண்டு பயப்படும், அதே அளவு ஆர்வமும் உண்டு, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் வந்துவிடும். எனவே இவற்றை வருடம் முழுக்கத் தொங்கவிடாதீர்கள். ஈனும் அந்த மூன்று நான்கு வாரத்துக்கு மட்டும் எடுத்து, இடத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி, முடிந்ததும் கழற்றிக் கொட்டகையில் வையுங்கள். கொடி என்பது ஓநாய்க்காக வந்த உத்தி, ஓநாய்க்குப் போதுமான இடைவெளி கொயோட்டிக்கு வாசல் மாதிரி. கொடிகளுக்கு நடுவே 46 செ.மீ. விட்டும் 28 செ.மீ. விட்டும் சோதித்ததில் நெருக்கமாகக் கட்டியதுதான் நின்றது. மனிதக் காலடியும் இதே கணக்கில் வரும். மந்தையோடு ஆள் இருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை, ஐடஹோவிலும் வயோமிங்கிலும் பெரு நாட்டிலிருந்து வந்த இடையர்கள் இன்றும் வண்டி வீட்டில் தங்கி மலையில் மேய்ப்பது சும்மா இல்லை. ஆள் வைக்க வசதி இல்லாவிட்டாலும் வேறு வேறு நேரத்தில் போய் நில்லுங்கள். தினமும் ஏழு மணிக்கு வண்டி வந்து ஏழரைக்குப் போகும் என்று உங்கள் கால அட்டவணையை அது படித்துவிடும்.

மாடு மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. பிறந்த முதல் சில நாட்கள்தான் கன்றுக்கு ஆபத்து, நல்ல தாய்ப்பசு கொயோட்டியை முட்டி விரட்டிவிடும். முதல் ஈற்றுக் கிடாரிகளை வீட்டுக்குப் பக்கத்தில் ஈன விடுங்கள், அனுபவமுள்ள பசுக்களோடு கலந்து விடுங்கள், கன்றை விட்டுவிட்டு ஓடுகிற பசுவை அடுத்த விற்பனையில் தள்ளிவிடுங்கள். ஆடும் மாடும் இரண்டும் இருப்பவர்களுக்கு ஒரு சுவாரசியமான வழி உண்டு: நியூ மெக்சிகோவில் ஹொர்னாடா ஆராய்ச்சி நிலத்தில், இளம் செம்மறிகளைச் சில வாரம் கிடாரிகளோடு ஒரே பட்டியில் அடைத்துப் பழக்கினார்கள், பிறகு வெளியே விட்டபோது ஆடுகள் மாட்டை விட்டு நகரவில்லை, கொயோட்டி வந்தால் மாட்டுக் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றுகொண்டன.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஜோடி வந்து கொன்றுகொண்டே இருந்தால்? அப்போது அந்த ஜோடியை மட்டும், சாவு நடந்த இடத்திலேயே, சட்டப்படி எடுப்பதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். நோட்டில் எழுதி வைத்திருப்பது இங்கேதான் உதவும். ஆனால் விஷமும் கழுத்துக் கண்ணியும் வைத்தால் முதலில் மாட்டுவது உங்கள் காவல் நாயாக இருக்கக்கூடும். பெரும்பாலான மேற்கு மாநிலங்களில் கொயோட்டிக்கு வருடத்தில் எந்த நாளும் சட்டப் பாதுகாப்பு கிடையாது, மத்தியச் சட்டத்திலும் இல்லை, அதனால்தான் அது கொன்ற ஆட்டுக்கு மத்திய அரசின் கால்நடை இழப்பீடும் கிடையாது. அந்தத் திட்டம் ஓநாய் போல மத்தியச் சட்டப் பாதுகாப்பு உள்ளவற்றின் தாக்குதலுக்குத்தான் பணம் தரும். ஆகவே உதவி கேட்பதென்றால் தடுப்புச் செலவுக்குக் கேளுங்கள். கலிபோர்னியாவின் மரின் கவுண்டி 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசின் வேட்டைக்காரர்களோடு இருந்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, பண்ணைக்காரர்களின் வேலிக்கும் காவல் நாய்க்கும் செலவில் பங்கு கொடுக்க ஆரம்பித்தது. உங்கள் கவுண்டிக் கூட்டத்தில் எழுந்து பேசும்போது இதைச் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று, பக்கத்துப் பண்ணைக்காரரிடம் பேசிவிடுங்கள், ஜனவரியிலேயே, இணை சேரும் ஊளை கேட்கத் தொடங்கும் முன்னால். அவர் எங்கே பொறி வைக்கிறார், உங்கள் நாய் எதுவரை போகிறது, அவருடைய செத்த மாட்டுப் பள்ளம் எங்கே இருக்கிறது. நீங்கள் உங்கள் பள்ளத்தை மூடி அவருடையது வேலிக்கு அந்தப் பக்கம் திறந்தே கிடந்தால், கொயோட்டி உங்கள் நிலத்தின் வழியாகத்தான் சாப்பிடப் போகும்.